ஸைஸிக்ஸ்: பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கும் ஊர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாஸுக்குக் காரில் போகிறவர்கள் எல்லோரும், பேக்கர் என்ற சிற்றூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பச்சைப் பலகையைப் பார்த்துச் சிரிப்பார்கள். 'ஸைஸிக்ஸ் ரோடு' என்று எழுதியிருக்கும். பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் "இது என்ன பெயர்?" என்று கேட்கும். நம் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை அந்த வழியில் கூட்டிப் போய்ப் போய் எனக்கு இந்தக் கேள்வி பழகிவிட்டது. ஒவ்வொரு முறையும் வண்டி ஓட்டிக்கொண்டே பாதி பதில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

பெயரை எப்படி வாசிப்பது?

ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டினால் இசட், இசட், ஒய், இசட், எக்ஸ். வாயில் வருவது 'ஸைஸிக்ஸ்'. முதல் அசையை 'ஸை' என்று நீட்டிச் சொன்னால் போதும், உள்ளூர்க்காரர் போல ஆகிவிடுவீர்கள். உள்ளூர்க்காரர் என்று அங்கே அதிகம் பேர் கிடையாது என்பது வேறு விஷயம்.

இதற்கு என்ன அர்த்தம்? பழங்குடி மொழிச் சொல்லா?

அர்த்தமே இல்லை. 1944-இல் அங்கே வந்து சேர்ந்த கர்ட்டிஸ் ஹோவ் ஸ்பிரிங்கர் என்பவர் தானாகக் கட்டிய சொல். ஆங்கில அகராதியில் எல்லாவற்றுக்கும் கடைசியாக வர வேண்டும் என்பதற்காக இசட்டாக அடுக்கினார். 'ஆரோக்கியத்தைப் பற்றிய கடைசிச் சொல்' என்று அதை வைத்தே விளம்பரமும் செய்தார். அதாவது, இதற்கு மேல் யாரும் பேச ஒன்றுமில்லையாம்.

தமிழில் இந்த வித்தை பலிக்காது. நம் நெடுங்கணக்கில் கடைசி எழுத்து 'ன'. அந்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. ஸ்பிரிங்கர் தமிழராகப் பிறந்திருந்தால் வேறு ஏதாவது யோசித்திருப்பார்.

அவர் வருவதற்கு முன் அந்த இடத்தின் பெயர் சோடா ஸ்பிரிங்ஸ். சோடா உப்பு ஊற்று என்று வைத்துக்கொள்ளலாம். நேர்மையான பெயர்.

இது உண்மையிலேயே ஒரு ஊரா?

வரைபடத்தில் ஊர். நிர்வாகத்தில் இல்லை. அமெரிக்காவில் மேயர், நகரசபை, சொந்த வரி என்று எதுவும் இல்லாத குடியிருப்புகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றைக் கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகமே நேரடியாகப் பார்த்துக்கொள்ளும். ஸைஸிக்ஸ் அப்படிப்பட்டது. அது இருக்கும் சான் பெர்னார்டினோ கவுண்டி, அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால், நாட்டிலேயே பரப்பளவில் பெரிய கவுண்டி. அவ்வளவு பெரிய பொட்டலில் ஒரு மூலையில் சில கட்டடங்கள், ஒரு குளம், வரிசையாகப் பனை மரங்கள். அவ்வளவுதான் ஊர்.

1994-இலிருந்து இது மொஹாவி தேசியக் காப்புநிலத்துக்குள் வருகிறது. நெடுஞ்சாலையிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். சாலை கொஞ்ச தூரம் தார், அப்புறம் மண்.

மொஹாவி பாலைவனத்தில் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கேட்பவர்கள்தான் குறைவு. எல்லோரும் பெயரிலேயே நின்றுவிடுகிறார்கள்.

மொஹாவி ஆறு சான் பெர்னார்டினோ மலைகளில் பிறக்கிறது. மலையின் அந்தப் பக்கம் இறங்கியிருந்தால் பசிபிக் கடலுக்குப் போயிருக்கும். இது இந்தப் பக்கம் பாலைவனத்துக்குள் இறங்கி, ஏறக்குறைய 180 கிலோமீட்டர் ஓடி, சோடா ஏரி என்ற வறண்ட உப்புப் படுகையில் காணாமல் போகிறது. 'ஓடி' என்றாலும், பெரும்பாலான தூரம் ஓட்டம் மணலுக்கு அடியில்தான். மேலே பார்த்தால் வெறும் மணல். பாறை குறுக்கிடும் சில இடங்களில் மட்டும் நீர் மேலே எட்டிப் பார்க்கும். 1993, 2005 போன்ற பெருமழை ஆண்டுகளில் வெள்ளம் கடைசிவரை வந்து, உப்புப் படுகை சில காலத்துக்கு நிஜ ஏரியாகவே மாறியதும் உண்டு. பனியுகத்தில் இங்கே பெரிய ஏரியே இருந்தது. இப்போது பார்ப்பது அதன் எலும்புக்கூடு.

அந்த உப்புப் படுகையின் மேற்குக் கரையில், சுண்ணாம்புப் பாறை மலையின் அடிவாரத்தில், வருடம் முழுக்க ஊற்று கசிகிறது. கோடையில் 45 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் இடத்தில் வற்றாத ஊற்று. இங்கே வந்தவர்கள் எல்லோரும் வந்தது அதற்காகத்தான். வந்த பிறகு சொன்ன காரணங்கள்தான் வேறு வேறு.

ஸ்பிரிங்கருக்கு முன்னால் யாரெல்லாம் இருந்தார்கள்?

முதலில் பழங்குடிகள். மொஹாவி மக்களும் செமஹூவி மக்களும் கொலராடோ ஆற்றிலிருந்து கடற்கரை வரை வணிகத்துக்கு நடந்த பாதை இந்த ஊற்று வழியாகப் போனது. வரைபடத்தில் பார்த்தால் அந்தப் பாதை ஒரு நீர்நிலையிலிருந்து அடுத்த நீர்நிலைக்குத் தாவித் தாவிப் போகும். ஒன்றைத் தவறவிட்டால் ஆள் காலி.

1826-இல் ஜெடிடையா ஸ்மித் என்ற தோல் வணிகர் அதே பாதையில் வந்தார். கிழக்கிலிருந்து நிலவழியாகக் கலிஃபோர்னியாவை அடைந்த முதல் அமெரிக்கர் என்று அவரைச் சொல்வார்கள். வழி காட்டியவர்கள் பழங்குடிகள், பெயர் அவருக்கு. பிறகு அந்த ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதையாகி 'மொஹாவி ரோடு' என்று ஆனது. 1860-இல் ராணுவம் ஊற்றுப் பக்கத்தில் ஒரு சிறு காவல் அரண் கட்டியது. தபால் வண்டிகளுக்குக் காவலாகவும் படைவீரர்கள் பின்னர் இங்கே இருந்திருக்கிறார்கள்.

அடுத்து ரயில். போராக்ஸ் என்ற வெண்காரத்தால் பணக்காரரான பிரான்சிஸ் மேரியன் ஸ்மித் 1905-இல் போடத் தொடங்கிய 'டோனோபா அண்ட் டைட்வாட்டர்' பாதை சோடா ஏரியின் ஓரமாகப் போனது. டோனோபா என்பது நெவாடாவில் ஒரு சுரங்க ஊர், டைட்வாட்டர் என்றால் அலை வரும் கடல்முகம். இந்த ரயில் டோனோபாவுக்கும் போகவில்லை, கடலுக்கும் போகவில்லை. 1940-இல் ஓட்டம் நின்றது. தண்டவாளங்களைப் போர்க்காலத்தில் பெயர்த்து எடுத்துப் போனார்கள். ரயில் ஓடிய நாட்களில் இங்கே ஒரு கம்பெனி உப்பும் சோடாவும் காய்ச்சிப் பார்த்தது. அதுவும் நீடிக்கவில்லை.

ஆக, 1944-இல் இங்கே இருந்தது ஊற்று, கைவிடப்பட்ட ரயில் மேடு, இடிந்த தொட்டிகள்.

ஸ்பிரிங்கர் யார்? டாக்டரா?

டாக்டர் இல்லை. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் 1896-இல் பிறந்தவர். தன் பெயருக்குப் பின்னால் பட்டங்களை அடுக்கிக்கொண்டார். 1930-களிலேயே அமெரிக்க மருத்துவ சங்கம் விசாரித்துப் பார்த்து, அந்தப் பட்டங்களுக்கு ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டது. சிகாகோ வானொலியில் பேசிப் பழகியவர். மதப் பிரசங்கமும் மருந்து வியாபாரமும் ஒரே குரலில் கலந்து வரும். மதபோதகர் என்றும் சொல்லிக்கொள்வார்.

அந்தக் காலத்து ஊர் ஊராகப் போகும் லேகிய வியாபாரிகளில் கடைசி ஆள் நான் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டதாகப் பதிவுகள் இருக்கின்றன. அதில் மட்டும் பொய் இல்லை.

அரசு நிலம் அவருக்கு எப்படிக் கிடைத்தது?

கிடைக்கவில்லை. எடுத்துக்கொண்டார்.

1872-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் ஒன்று இன்றும் அமலில் இருக்கிறது. அரசு நிலத்தில் கனிமம் இருப்பதாகக் கருதினால் எல்லைக்கல் நட்டு, மனுப் பதிந்து, தோண்டும் உரிமை கோரலாம். ஸ்பிரிங்கரும் அவர் மனைவி ஹெலனும் 1944-இல் அப்படி 12,800 ஏக்கருக்கு உரிமை கோரினார்கள். ஐம்பது சதுர கிலோமீட்டருக்கு மேல்.

அந்த உரிமை தோண்டுவதற்கு. ஹோட்டல் நடத்த அல்ல. நம் பாஷையில் சொன்னால், புறம்போக்கில் மண் எடுக்க விண்ணப்பம் போட்டுவிட்டு, பட்டா வாங்கியவர் மாதிரி மாளிகை கட்டிக் குடியேறிவிட்டார். முப்பது வருடம் யாரும் காலி செய்ய வைக்கவில்லை. பாலைவனத்தின் நடுவில் யார் போய்ப் பார்க்கிறார்கள்?

என்னென்ன கட்டினார்? யாரை வைத்துக் கட்டினார்?

ஆரம்பத்தில் வெறும் கூடாரங்கள். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் ஸ்கிட் ரோ என்ற, வீடில்லாதவர்கள் தங்கும் பகுதியிலிருந்து ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தார். சாப்பாடு, படுக்க இடம், சொற்பக் கூலி. குடிக்கக் கூடாது. அவர்கள் உழைப்பில்தான் ஊர் எழுந்தது: 60 அறை கொண்ட விடுதி, தேவாலயம், சிலுவை வடிவத்தில் குளியல் கூடம், நீச்சல் குளம், ஒலிப்பதிவு அறை, 'ஸைபோர்ட்' என்று பெயர் வைத்த சின்ன விமான ஓடுதளம். நடுவே ஓடும் பனை மரச் சாலைக்கு 'கனவுகளின் பெருஞ்சாலை' என்று பொருள்படும் பெயர். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்க ஐந்து நிமிடம் ஆகாது. ஊற்று நீரைத் தேக்க ஒரு குளமும் வெட்டி, 'துயேண்டே ஏரி' என்று பெயர் சூட்டினார். பெயர் வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

ஸைஸிக்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஸ்பிரிங்கரின் வாய்ச்சாலத்தை ரசித்துப் பேசுவார்கள். சிமெண்ட் குழைத்த அந்த மனிதர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர்கள் கட்டிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன.

அங்கே வெந்நீர் ஊற்று இருந்ததாமே?

இல்லை. ஊற்று நீர் சாதாரண நீர். குளியல் தொட்டிகளுக்குக் கொதிகலன் வைத்துச் சூடாக்கி, கனிம வெந்நீர் என்று விருந்தினர்களை இறக்கினார். சூடு வந்த வழியை யாரும் தேடிப் போகவில்லை போலிருக்கிறது.

என்ன மருந்து விற்றார்?

பெரும்பாலும் காய்கறிச் சாறும் மூலிகைத் தூளும்தான். நோவா காலத்துப் பெருவெள்ளத்துக்கு முற்பட்டது என்று சொல்லி ஒரு மூலிகைத் தேநீர். வழுக்கைக்கு 'மோ-ஹேர்'. தலையில் தேய்க்க வேண்டும். மூலத்துக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் சிகிச்சைப் பெட்டி, விலை 25 டாலர். அந்தக் காலத்தில் அது சின்னத் தொகை அல்ல. சோடா ஏரியின் உப்பைக் காய்ச்சிப் பொட்டலம் கட்டிக் குளியல் உப்பு என்றும் விற்றார்.

பலவற்றுக்கு விலை என்று சொல்ல மாட்டார், 'நன்கொடை' என்பார். பணம் இல்லாதவர்களும் வந்து தங்கலாம் என்று அறிவித்திருந்தார், அப்படித் தங்கியவர்களும் இருந்தார்கள். அதனால்தான் அவரை வெறும் மோசடிக்காரர் என்று சொன்னால் இன்றும் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அத்தனை பேர் எப்படி நம்பினார்கள்?

வானொலி. நிகழ்ச்சியைப் பதிவு செய்து நிலையங்களுக்கு அனுப்புவார். உச்ச காலத்தில் அமெரிக்காவில் 221 நிலையங்களிலும் வெளிநாடுகளில் 102 நிலையங்களிலும் ஒலித்தது என்று கணக்குச் சொல்கிறார்கள். காலையில் சமையலறையில் வேலை செய்துகொண்டே ஒரே குரலைத் தினமும் கேட்டால், அந்தக் குரல் குடும்பத்தில் ஒருவர் மாதிரி ஆகிவிடும். தபாலில் காசு வந்துகொண்டே இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். மதுவும் இல்லாமல், நேரத்துக்குக் காய்கறியும் ஆட்டுப்பாலும் சாப்பிட்டு, வறண்ட காற்றில் சில வாரம் ஓய்வெடுத்து, பேச்சுத் துணையோடு இருந்தால் யாருக்குத்தான் உடம்பு தேறாது? தேறியது நிஜம். பாராட்டு மட்டும் தேநீருக்குப் போய்விட்டது.

எப்படி மாட்டினார்?

இரண்டு பக்கத்திலிருந்து. அமெரிக்க மருத்துவ சங்கம் அவருக்குப் 'போலி வைத்தியர்களின் ராஜா' என்று பட்டம் கொடுத்தது. பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியாத ஒரே பட்டம். 1960-களின் இறுதியில் பொய் விளம்பர வழக்கில் தண்டனையும் வந்து, 60 நாள் சிறைத் தண்டனையில் 49 நாள் உள்ளே இருந்தார்.

ஆனால் ஊரை இழக்க வைத்தது மருந்து அல்ல, மனை. பெரிய நன்கொடை கொடுத்தவர்கள் அங்கேயே வீடு கட்டிக்கொள்ளலாம் என்று இடம் ஒதுக்கத் தொடங்கினார். அரசு நிலத்தைப் பிளாட் போட்டால் எந்த நாட்டு அதிகாரியும் எழுந்து உட்காருவார். மத்திய அரசின் நில மேலாண்மை அலுவலகம் கோப்பைத் திறந்தது. இங்கே சுரங்கம் எங்கே? ஒரு குழிகூட இல்லை. உரிமை செல்லாது, இது ஆக்கிரமிப்பு என்று முடிவானது. ஸ்பிரிங்கர் முப்பது ஆண்டு வாடகைப் பாக்கி என்று 34,187 டாலர் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

1974 ஏப்ரலில் கூட்டாட்சிக் காவலர்கள் வந்து காலி செய்ய வைத்தார்கள். இருந்தவர்களுக்குச் சாமான் கட்ட 36 மணி நேரம். ஸ்பிரிங்கர் லாஸ் வேகாஸுக்குப் போய், 1985-இல் அங்கேயே இறந்தார்.

பிறகு பெயரையாவது மாற்றியிருக்கலாமே?

மாறாக, 1984-இல் அதை அதிகாரப்பூர்வப் பெயராகவே அரசு ஏற்றுக்கொண்டது. பட்டம் பொய், மருந்து பொய், நில உரிமை செல்லாது. பெயர் மட்டும் செல்லுபடியாகிவிட்டது.

இப்போது அங்கே யார் இருக்கிறார்கள்?

1976-இலிருந்து கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் அங்கே பாலைவன ஆய்வு மையம் நடத்துகிறது. ஸ்பிரிங்கரின் விடுதி அறைகளில் இப்போது மாணவர்களும் ஆய்வாளர்களும் தங்குகிறார்கள். தேள், வௌவால், பாறை, நட்சத்திரம் என்று ஆளுக்கொரு ஆராய்ச்சி. நிரந்தரமாக இருப்பவர்கள் மையத்தின் ஊழியர்கள் சிலர் மட்டுமே.

அங்கே ஒரு அபூர்வ மீன் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பாலைவனத்தில் மீனா?

மொஹாவி துயி சப். மொஹாவி ஆற்றுக்கே உரிய ஒரே மீன். ஒரு சாண் நீளம்கூட வராது. ஆற்றில் ஆழமான மடுக்கள் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. 1930-களில் தூண்டில் இரைக்காகக் கொண்டுவந்த வேறொரு சப் மீன் ஆற்றில் கலந்தது. புது மீன் இதோடு கலப்பினமாகி, ஓட்ட நீரில் இதைவிடச் சமாளித்து, ஆற்றையே பிடித்துக்கொண்டது. கலப்பில்லாத துயி சப் கடைசியில் மிஞ்சியது ஸைஸிக்ஸின் ஊற்று நீரில்தான். 1970-இல் அழியும் நிலையில் உள்ள இனமாக மத்திய அரசு அறிவித்தது.

எம்.சி. ஸ்பிரிங் என்ற சின்னக் குட்டை அதன் புகலிடம். மொஹாவி சப்பின் ஆங்கில முதலெழுத்துகள்தான் அந்த எம்.சி. ஸ்பிரிங்கர் அழகுக்கு வெட்டிய துயேண்டே ஏரியும் அதற்கு இன்னொரு வீடானது. அதைச் சொல்லி 'போலி வைத்தியர் ஒரு இனத்தைக் காப்பாற்றினார்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. குட்டை அவர் வருவதற்கு முன்பே இருந்தது. குளத்தை வெட்டும்போது அவர் மனதில் மீன் இருந்திருக்காது, படகு இருந்திருக்கும். ஆனாலும் அந்தக் குளத்தைத் தூர்ந்துபோக விட முடியாது என்ற நிலை இன்று. கோரை வளர்ந்து மூடாமல் அவ்வப்போது வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். இங்கிருந்து எடுத்துப்போன மீன்களை வேறு சில இடங்களிலும் விட்டு வளர்த்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று சைனா லேக் கடற்படைத் தளத்துக்குள் இருக்கும் நீர்நிலை. பாலைவனத்து நடுவில் கடற்படைத் தளம் என்ன செய்கிறது என்று கேட்காதீர்கள், அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. குளத்தைச் சுற்றி நடக்கலாம், பழைய கட்டடங்களை வெளியிலிருந்து பார்க்கலாம். ஆய்வு மையத்தின் அறைகளுக்குள் நுழையக் கூடாது. நவம்பர் முதல் மார்ச் வரை போவது நல்லது. ஜூலையில் போனால் காரை விட்டு இறங்க மனசு வராது. கடையோ பெட்ரோல் பங்கோ கிடையாது, எல்லாம் பேக்கரில் முடித்துக்கொள்ளுங்கள். அங்கே 134 அடி உயரத்தில் ஒரு ராட்சத வெப்பமானி நிற்கும். மரணப் பள்ளத்தாக்கில் 1913-இல் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக அந்த உயரம்.

மழை பெய்திருந்தால் மண் சாலையில் இறங்காதீர்கள். உப்புப் படுகை மேலே காய்ந்து தெரியும், உள்ளே சேறு. வண்டி மாட்டினால் இழுத்துவிட ஆள் வர நேரமாகும்.

மீன் கண்ணில் படுமா?

குளத்தங்கரையில் நிழல் விழாதபடி கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் படும். பழுப்பும் பச்சையும் கலந்த நிறம், பார்க்கச் சாதாரணமாக இருக்கும். தயவுசெய்து பொரி, ரொட்டி எதையும் போடாதீர்கள்.